எண்ணூரிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு விளங்கும் வட்ட முகப்புக் கட்டடத்தை நகர மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர். அவ்வட்டாரத்துக் காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர வணிகரான பிரடெரிக் டியூடர், தம் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூள் பொதிந்து கப்பலேற்றினார். ஏறத்தாழ நான்கு மாதக் கடற்பயணத்தைத் தாங்கி வந்த அந்தச் சரக்கைச் சேமித்து வைக்க 1842-ல் எழுந்த கிடங்கே இது. அந்நாளில் பனிக்கட்டி துரைமார் மேசைக்குரிய பொருள். ஏழை அதைக் கண்டதுண்டு, சுமந்ததுமுண்டு, சுவைத்திருப்பானா என்பது ஐயமே.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அத்திசை சென்றதற்கு வரலாற்று ஆர்வம் காரணமன்று. அங்கே புதிதாகத் திறந்த கடையொன்று, அன்று வரும் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் இலவசம் என்று அறிவித்திருந்தது. செய்தி எண்ணூர் வரை வந்துவிட்டது! எங்கள் மறைக்கல்வி வகுப்புச் சிறார் இரண்டு ஞாயிறுகளாக வேறெதையும் பேசவில்லை. பெற்றோரின் இசைவு பெற்று, பத்தொன்பது சிறாருடன் காலையிலேயே கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் மின்ரயிலில் ஏறினோம். ரயில் கட்டணம், வழியில் வாங்கிய முறுக்கு, தண்ணீர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த இலவசம் அப்படியொன்றும் மலிவன்று. ஆயினும் இதைச் சிறாரிடம் சொல்லும் துணிவு எங்களுள் எவருக்கும் வரவில்லை.

எண்ணூர்ப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி புதிதன்று. அவர்களின் தந்தையர் கடலுக்குப் போகுமுன் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டிகளை உடைத்து ஏற்றிச் செல்வோர். அங்கே நீரை உறையச் செய்வது அமோனியா. இறுக்கித் திரவமாக்கப்பட்ட அமோனியா மீண்டும் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குழாயைச் சூழ்ந்த உப்புநீர் குளிர்ந்து, அதில் இறக்கிய தகரப் பெட்டிகளின் நீர் கட்டியாகிறது. இதை நாங்கள் விளக்கத் தொடங்கியதும் பிள்ளைகளின் முகம் மாறிற்று. அமோனியா என்னும் சொல்லை அவர்கள் பாடநூலில் கற்கவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பத்துக் குடும்பங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீதிக்கு ஓடிவந்தன. பலர் மருத்துவமனைக்குச் சென்றனர். அதே மாதத் தொடக்கத்தில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் பரவிப் படகையும் வலையையும் கரியாக்கியிருந்தது.

"அந்த வாயுவிலதான் ஐஸ்கிரீம் செய்றாங்களா, டீச்சர்?" என்று ஒரு சிறுமி அஞ்சிக் கேட்டாள். வாயு குழாய்க்குள்ளேயே சுழலும், பாலோடு சேராது என்று தேற்றினோம். "எங்க ஊர்லயும் குழாய்க்குள்ளதான் இருந்திச்சு" என்றாள். வண்டி தண்டையார்பேட்டையைக் கடக்கும் வரை எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை.

இராயபுரம் வந்தது. 1856-ல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இதுவே. இராயப்பராகிய புனித பேதுருவின் பெயர் தாங்கிய இவ்வூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவருக்கு ஆலயம் எழுப்பியவர்கள் படகோட்டிக் கத்தோலிக்கர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலம் அது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிடும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். பாஸ்டன் பனிக்கட்டியும் அவ்வாறு நம் கரைப் படகோட்டிகளின் கையால்தான் கரையேறியது.

குளிர்ச்சி எளியவர் கைக்கு எட்டிய கதையிலும் இராயபுரத்துக்குப் பங்குண்டு. சிவகாசியை அடுத்த திருத்தங்கலைச் சேர்ந்த ஆர். ஜி. சந்திரமோகன் என்னும் இளைஞர் 1970-ல் பதின்மூவாயிரம் ரூபாய் முதலீட்டில் இங்கேதான் ஒரு சிறிய இடத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று. அதே 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. நகரம் குளிர்ந்தது; நிலக்கரிச் சாம்பல் எண்ணூரில் தங்கியது. அந்நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது.

கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி சேர்ந்தோம். கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. இரண்டு மணி நேர வெயிலுக்குப் பின் கிடைத்தது உள்ளங்கையளவுக் கிண்ணம். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எனினும் அந்த நான்கு நிமிடம் எங்கள் பிள்ளைகள் வாய் திறந்து பேசாதிருந்ததே ஒரு புதுமை!

ஒருவன் மட்டும் மூடியைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "ஆயாவுக்கு" என்றான். ஐஸ் ஹவுஸ் முன் நின்று டியூடரின் கதையைக் கூறியபோது அவன் ஒருவனே கூர்ந்து கேட்டான். "நாலு மாசம் தாங்குச்சா? மரத்தூள் எங்க டீச்சர் கிடைக்கும்?" என்றான். கைக்குட்டையை நனைத்துச் சுற்றிக் கொடுத்தோம். கடற்கரை நிலையத்தில் வண்டி மாறுகையில் கிண்ணம் பாதி கரைந்துவிட்டது.

இராயபுரத்தில் காசிமேட்டு மீன்கூடையோடு ஒரு தாயார் ஏறினார். பையனின் முகத்தையும் கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் கேளாமல் அதை வாங்கி, சங்கரா மீன்களுக்கிடையே நொறுங்கிய ஐஸில் அழுத்தி, மேலும் ஒரு கைப்பிடி அள்ளி மூடிவைத்தார். எண்ணூரில் அவன் அதைத் திரும்ப வாங்கியபோது அதற்குமேல் அதிகம் கரைந்திருக்கவில்லை. மீன் வாடை சற்று ஏறியிருந்தது. ஆயா அதைப் பொருட்படுத்த மாட்டார் என்று சொல்லிக்கொண்டே அவன் குப்பத்தை நோக்கி ஓடினான்.