டிசம்பர் 31 வரை ஒரு கீரைப் பாத்தி

பிரிக்பீல்ட்ஸ் காய்கறிக் கடைகளில் நின்று பார்த்தால் மலேசியாவுக்குப் பருவமே கிடையாது என்று தோன்றும். சீனாவிலிருந்து வரும் கேரட்டுக்கும் கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் முட்டைக்கோசுக்கும் தை என்ன, ஆடி என்ன! கிள்ளான் பக்கம் மருந்தடிக்காமல் பயிரிடுகிறவர்களிடம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் இங்கேயும் பருவம் உண்டு என்பது எனக்குப் பிடிபட்டது. ஏப்ரலில் ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை. பிற்பகலில் இடியோடு கொட்டும்போது தண்டுக்கீரை மண்ணோடு சாய்ந்துவிடும், சாவி என்கிற கடுகுக்கீரையின் இலை அழுகும். அந்த வாரங்களில் வள்ளிக்கொழுந்தும் தவசிக்கீரையும்தான் கிடைக்கும். ஜூன், ஜூலை வெயிலில் வெண்டையும் பயற்றங்காயும் பீர்க்கும் கூடை நிறைய வரும். கிடைப்பதைச் சமைக்கப் பழகிக்கொண்டால் குறையொன்றும் இல்லை.

என்னை உறுத்துவது மழையல்ல, நிலம். இந்தச் சிறு விவசாயிகளில் பலருக்குச் சொந்த மண் கிடையாது. உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே, ஆற்றோரத்தில், வீடமைப்புக்காகக் காத்திருக்கும் பழைய தோட்டத்து ஓரத்தில் பாத்தி கட்டுகிறார்கள். அரசு நிலமென்றால் முறைப்படி கிடைப்பது டி.ஓ.எல். என்று எல்லோரும் சொல்லும் தற்காலிக உரிமம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, எந்த மாதத்தில் எடுத்தாலும் அது டிசம்பர் 31க்கு மேல் செல்லாது. பிறகு புதுப்பிக்க வேண்டும்.

மண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கோலா லங்காட் பக்கத்துக் கரிமண் புளிப்பேறியது. சுண்ணாம்பு போட்டு, தழையும் சாணமும் மக்கவைத்து, மண்புழு வரும்வரை காத்திருக்க வேண்டும். இயற்கை வேளாண்மைக்கான உலகளாவிய கோடெக்ஸ் வழிகாட்டியும் பொதுவாக இதைத்தான் கேட்கிறது: கீரை போன்ற ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் நிலம் இயற்கை முறைக்கு மாற வேண்டும். நம் நாட்டு மைஆர்கானிக் சான்றிதழுக்கும் நிலத்தின் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஜனவரி உறுதியில்லாதவர் எதை நம்பி மண்ணில் இத்தனை உழைப்பைப் போடுவார்? செட்டெம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு சுங்கை பூலோவில் இயற்கை வேளாண் பண்ணை தொடங்கியது 1986இல். செய்முறை தெரியாமல் நாம் பின்தங்கிவிடவில்லை.

பயிரிட மண் இருந்தது என்பதற்காக ரப்பர்த் தோட்டக் காலத்தை நான் புகழவில்லை. அந்த வாழ்க்கையின் கொடுமையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவள் நான். ஆனாலும் ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் மரவள்ளியும் நின்றது அப்படித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, எங்கள் சனம் அடுக்குமாடிகளுக்குப் போனபோது அந்த மண் கூட வரவில்லை. பாத்தி கட்டும் கை மட்டும் வந்தது. இன்று கம்பிக்குக் கீழே குனிந்து களை பிடுங்குகிறவர்களில் அந்தக் கைகளும் உண்டு.

நான் வழக்கமாக வாங்கும் அம்மாவிடம், முருங்கையும் எலுமிச்சையும் வைக்கக்கூடாதா என்று கேட்டேன். "மரம் வைக்கச் சொல்றீங்க அக்கா, அது காய்க்கிறப்ப இங்க யாரு இருப்பா?" என்றார். அதனால்தான் அவர் பாத்தியில் இருபத்தைந்து, முப்பது நாளில் அறுத்துவிடும் கீரையும் கங்கோங்கும் மட்டும். நம் தட்டில் என்ன விழுகிறது என்பதை வெயிலும் மழையும் மட்டுமா தீர்மானிக்கின்றன? நில அலுவலகத்து ரசீதும்தான்.

நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே யாரும் வீடு கட்டப் போவதில்லை, உயர்ந்த மரமும் அங்கே ஆகாது. அதனால் அந்த நிலத்தையாவது, தாழப் படரும் பயிருக்கென்று, ஐந்து ஆண்டுக் குத்தகையாக இவர்களுக்கே எழுதிக் கொடுக்கலாம். முதல் இரண்டு ஆண்டு மண்ணுக்குப் போனாலும், மூன்று ஆண்டு விளைச்சல் அவர்கள் கையில் இருக்கும்.