கதவில் அட்டை தொங்கினால் கையில் துடைப்பம்! ஸ்டுட்கார்ட்டில் ஒரு மதுரைக்காரர்

மதுரையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வேலைக்குப் போன அந்தப் பொறியாளர், குடியேறிய இரண்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை வீட்டுக் கதவைத் திறந்தார். கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்தவர், காகிதத்தை பச்சை நிறத் தொட்டியில்தான் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தது ஞாபகம் வர, பொறுப்பாக அதில் போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கீழ்த்தளத்துப் பாட்டி நின்றிருந்தார். கையில் அதே அட்டை. குப்பையிலிருந்து எடுத்து, துடைத்துக் கொண்டுவந்திருந்தார். வயது எண்பதைத் தொடும். ஆனாலும் இவரை 'நீங்கள்' என்றுதான் பேசினார். மதுரையில் இந்த வயதுப் பாட்டி என்றால், "ஏம்ப்பா, இதைப் போயி குப்பையில போடுவியா?" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். இங்கே மரியாதையாக, பத்து நிமிடம் வகுப்பு நடந்தது.

கேர்வோகே என்றால் 'பெருக்கும் வாரம்'. அட்டை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவர் முறை. சின்ன முறை, பெரிய முறை என்று இரண்டு உண்டு. சின்ன முறைக்குத் தன் தளத்து மாடிப்படியையும் நடையையும் பெருக்கித் துடைத்தால் போதும். பெரிய முறை வந்தால் வாசல் நடைபாதை, நிலவறை, குப்பைத்தொட்டி வைக்கும் இடம் என்று வேலை நீளும். குளிர்காலத்தில் காலையில் பனி அள்ளுவதும் அதில் சேர்த்தி. வேலை முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் வேர் 15-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை போகிறது. ஊர்க்காரர்கள் அவரவர் அழுக்கை அவரவரே அகற்ற வேண்டும் என்று அப்போதே விதி போட்டிருக்கிறார்கள். 1988-ல் நகர நிர்வாகம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால், வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டம் போய்விட்டது, பாட்டிகள் போகவில்லை என்பது நம்மவரின் கருத்து.

அவரை அதிகம் குழப்பியது, பெருக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை என்பதுதான். போன வாரம் ஒருவர் துடைத்த படியை இந்த வாரம் இவர் துடைக்கிறார், அவ்வளவுதான். போகப் போக இன்னொன்றும் புரிந்தது. சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. சுத்தம் செய்கிற சத்தம் கேட்க வேண்டும். துடைப்பக்கட்டை படியில் நாலு தட்டு தட்டினால்தான் கீழே இருப்பவர்களுக்கு நிம்மதி. விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் அம்மாவிடம், "தினமும் எதுக்கும்மா இது?" என்று கேட்ட பிள்ளைக்கு வந்து வாய்த்த ஊர் இது.

மொழி தனிக் கதை. சென்னையில் மாதக்கணக்கில் படித்துத் தேறிய ஜெர்மன், ஸ்டுட்கார்ட் பேக்கரி வாசலிலேயே தடுமாறியது. இங்கே பேசுவது ஷ்வாபியன் வட்டார வழக்கு. 'எங்களால் எல்லாம் முடியும், ஒழுங்கான ஜெர்மன் பேசுவதைத் தவிர' என்ற பொருளில் 1999-ல் இந்த மாநிலமே தன்னைப் பற்றி விளம்பரம் செய்திருக்கிறது. புத்தக ஜெர்மனில் கம்பளம் என்று படித்த சொல், இங்கே போர்வை. மேடை என்று படித்தது, பரண். "பழைய சாமானை மேடையில் வெச்சிருக்கேன்" என்று பாட்டி சொன்னபோது இவர் நாடகம் ஏதோ நடக்கிறது என்றே நினைத்தார். ஒரே ஒரு சொல்லில்தான் அவருக்குச் சொந்த ஊர் வாசம் அடித்தது. சக ஊழியர் ஒருவர் பாதம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தொடையைத் தடவினார். இங்கே இடுப்பிலிருந்து விரல் வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். நம் 'கால்' மாதிரியேதான்!

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் மூச்சை அடக்கிக்கொள்ளும். அன்றைய ஓய்வை அரசியலமைப்பே காக்கிறது. கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளை போடக் கூடாது. காலிப் பாட்டிலைக்கூடத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். கொத்தமல்லி தீர்ந்துபோன ஒரு ஞாயிறன்று, ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்று தெரிந்து அங்கே ஓடியிருக்கிறார். மனைவி சட்னி அரைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கு அடியில் நாலாக மடித்த துண்டு. அதற்கு மேல் சமையலறைக் கதவும் சாத்தப்படும். ஏதோ கள்ளநோட்டு அடிப்பது போல இருக்கும் என்கிறார்.

ஒரு கோடையில் அப்பா வந்து இரண்டு மாதம் தங்கினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு இந்த ஊரில் பிடித்துப்போனது பாட்டில் இயந்திரம். தண்ணீர், குளிர்பானம் வாங்கும்போதே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலிருக்கும் இயந்திரத்தின் வாயில் கொடுத்தால் ரசீது வரும், காசு திரும்பக் கிடைக்கும். பேரனைக் கூட்டிக்கொண்டு தினமும் கிளம்பிவிடுவார். பூங்காவில் சிலர் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவதையும் அவர்தான் கவனித்துச் சொன்னார். காசுக்காகப் பாட்டில் சேர்ப்பவர்கள் குப்பைக்குள் கையை விட வேண்டாமே என்பதற்காக. "படிச்ச ஊருப்பா" என்றாராம்.

அந்தக் கோடையில் அட்டை கதவுக்கு வந்ததும் மகனை விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவே படியில் இறங்கினார். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துப் படி மூலைகளைத் தேய்த்தார். பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஷ்வாபியர்கள் லேசில் பாராட்ட மாட்டார்கள். திட்டவில்லை என்றாலே பாராட்டியதாக அர்த்தம். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. அதற்கப்புறம் காலையில் இரண்டு பேரும் வாசலில் தலையசைத்துக்கொள்வார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை இரவு மதுரையிலிருந்து போன் வந்தது. விடிவதற்குள் பெட்டியைக் கட்டிக் குடும்பத்தோடு விமான நிலையம் ஓடினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அந்த வாரம் அட்டை அவர்கள் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்து இருபது நாள் கழித்துத் திரும்பி வரும் வழியில்தான், விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவருக்கு அது ஞாபகம் வந்தது.

கதவில் அட்டை இல்லை. படி பளிச்சென்று இருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்தால், பாட்டிதான் செய்தார் என்றார். முழங்கால் வலிக்காரி, இரண்டாம் தளம்வரை வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். பூச்செண்டு வாங்கிக்கொண்டு கீழே போய் விஷயத்தைச் சொன்னார் நம்மவர். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூலையெல்லாம் துடைப்பாரே, அவரா?" என்று கேட்டார். பிறகு பூவை வாங்கித் தண்ணீரில் வைத்துவிட்டு வந்து, "என் முறையும் சேர்த்து உங்களுக்கு இப்போது இரண்டு வாரம் பாக்கி" என்றார்.

இரண்டு வாரமும் அட்டை இவர் கதவிலேயே தொங்கியது. முதல் சனிக்கிழமை, சமையலறை இழுப்பறையைக் கிளறி அப்பாவின் அந்தப் பழைய பிரஷை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பாதி வேலையில் கீழே கதவு திறந்தது. பாட்டி கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக ஏறிவந்து, மூலைகளைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.