பன்னிரண்டு கிலோ பாப்பா

32 வாரத்திலேயே அவசரமாக சிசேரியன். இரட்டைக் குழந்தைகள். ஒன்று 1,450 கிராம், இன்னொன்று 1,300. ஆறாம் நாள் எனக்கு டிஸ்சார்ஜ், அவர்களுக்கு இல்லை.

வீட்டில் ஐந்து வயசு மூத்தவள், ரெண்டரை வயசுச் சின்னவன். விடிகாலையில் தாய்ப்பாலைப் பீய்ச்சி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். இவர் பைக்கில் கொண்டுபோவார். மதியம் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் நான். சின்னவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறுவான். திரும்பிப் பார்க்காமல் ஏறிவிடுவேன்.

அங்கே சிஸ்டர் ஒவ்வொரு குழந்தையாக என் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார். கங்காரு முறை. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்ததாம். அம்மாவின் உடம்புச் சூடே குழந்தைக்குப் போதும்!

ஒரு ராத்திரி, "அங்க போய் என்னம்மா பண்ணுவே?" என்றாள் மூத்தவள். தலையணையை நெஞ்சில் அணைத்துக் காட்டினேன். சின்னவன் அதைப் பிடுங்கி எறிந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு என்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். தையல் சுரீரென்றது. இறக்கிவிட மனசு வரவில்லை.

அந்தக் குட்டிகளைத் தினமும் எடை பார்க்கிறார்கள். இந்தப் பன்னிரண்டு கிலோவை மூணு வாரமாக யார் பார்த்தோம்?

மறுநாளிலிருந்து ஆட்டோ வரும்வரை பத்து நிமிஷம் அவனுக்குத்தான். கேட்டில் அழுகை குறைந்தது.

38-ம் நாள் இரட்டையர் வீட்டுக்கு வந்தார்கள். ஆரத்தி முடிவதற்குள் சின்னவன் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"பாப்பாவ இங்க வை!"