திராட்சையும் வேண்டாம், மலையும் வேண்டாம்... கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கோம்பை நாய்!

செவலை நிறம், கறுத்த மூஞ்சி, புது ஆளை லேசில் நம்பாத பார்வை. தேனி மாவட்டம் உத்தமபாளையம் அருகே மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை, ஒரு நாய் இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர். காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர்போன இனம். எங்கள் வீட்டு மணியும் கோம்பைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றக் கிளம்பினால், இரண்டு விஷயங்களில் உஷாராக இருப்பேன்.

ஒன்று, திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை நமக்கு அமிர்தம், நாய்க்கோ விஷம். சில பழங்களே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடலாம். உலர்திராட்சையும் அப்படித்தான். பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடப்பதைத் தின்றுவிட்டால், வாந்தி எடுக்கட்டும் எனக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று, மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைப் பலி வாங்கியது. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் காட்டுக்குள் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது.

முன்னோர்கள் வேட்டையாடிய மலை மணிக்கு இல்லை. மிச்சம் இருப்பது முல்லைப் பெரியாற்றங்கரை. வெயில் ஏறுவதற்குள் வரப்போரமாக ஒரு நடை, ஆற்றில் ஒரு முங்கல். அவனுக்குப் பரம சந்தோஷம்.

மலைக் காற்று வந்தால் மட்டும் அப்படியே நின்று மோப்பம் பிடிப்பான். அவனாக நகரும் வரை நான் கயிற்றை இழுப்பதில்லை.