பொல்பிட்டியவின் சிறு விரியன்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் நெடுஞ்சாலையிற் செல்வோர், கித்துல்கலையில் வண்டியை நிறுத்தி, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்துக்காகப் பாலம் அமைத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பொல்பிட்டியவுக்குச் செல்பவர் சிலரே. மஸ்கெலி ஓயாவின் நீரைக்கொண்டு 1969ஆம் ஆண்டு முதல் மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் அங்குண்டு. அதற்கு அண்மையிலேயே கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கை என்னும் பெயர் பெறுகின்றன. நுவரெலியா மாவட்டம் என்றதும் குளிரையே நினைப்போம். இதுவோ தாழ்ந்த பள்ளத்தாக்கு. புழுக்கமும் மழையும் மிகுதி.

அவ்வனப்பை வருணிப்பது நம் நோக்கமன்று. அந்த ஈரநிலத்திலே, தேயிலைச் செடியின் அடியில், சருகோடு சருகாய்ச் சுருண்டு கிடக்கும் ஒரு சிறு பாம்பைப் பற்றியே எழுத எண்ணினோம்.

ஒரு முழத்துக்கு மேற்படாத உடல், முக்கோணத் தலை, மேல்நோக்கி நிமிர்ந்த மூக்கு நுனி. சிங்களத்தில் இதனைக் குணகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் வழங்குவர். இலங்கையில் நேரும் நச்சுப்பாம்புக் கடிகளுள் பெரும்பகுதி இதனுடையதே. 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இத்தீவில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் என்றும், அவர்களுள் 30,000 பேர் வரையில் விஷம் ஏறப்பெறுகின்றனர் என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் கணக்கிட்டது.

லயத்து வாசலில் நாம் கண்ட மூதாட்டி ஒருவர் தமது வலக்கைச் சுட்டுவிரலைக் காட்டினார். நுனிக் கணு இல்லை. புல் வெட்டும்போது கடித்ததாம். “சின்னப் பாம்புதானேன்னு மஞ்சளை அரைச்சுப் பூசிட்டு, மறுநாளும் மலைக்குப் போயிட்டேங்க ஐயா,” என்றார்.

பாம்பு சிறிதுதான், அதன் கடிக்கு நேரான மருந்து இல்லை என்பதே பெரிது. இந்தியாவிலிருந்து வரவழைக்கப்படும் விஷமுறிவு மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக்கொண்டு ஆக்கப்படுவது. இவ்விரியனுக்கு அது பயன்படாது. கண்ணாடி விரியனென மயங்கி அம்மருந்தை ஏற்றினால், நடுக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் முதலிய ஒவ்வாமைத் துன்பங்களே மிஞ்சக்கூடும். ஆதலால் கடித்தது எதுவென்று வைத்தியர் அறிவது அவசியம். அதற்காகப் பாம்பைத் துரத்திச் சென்று இன்னொருவரும் கடிபட வேண்டியதில்லை. எட்ட நின்று கைத்தொலைபேசியில் எடுத்த படமே போதும்.

மருந்து இல்லாத இடத்தில், கடிபட்ட முதல் நாழிகையில் நாம் செய்யாது விடுவதே பாதி வைத்தியம். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் யாவும் தீது. இந்நஞ்சு சிலரிடத்தில் இரத்தம் உறையும் தன்மையையே கெடுத்துவிடும். கீறிய இடத்திலிருந்து இரத்தம் நில்லாது ஒழுகும். வீங்கும் விரலைக் கட்டு மேலும் நெரிக்கும். வீக்கம் ஏறுமுன்னரே மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி தாங்கி, நோயாளியை நடக்கவிடாமல் கொண்டுசெல்ல வேண்டும். வலிக்கு அஸ்பிரின் கூடாது.

1990 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அதுவும் தார்ச்சாலை வரைதான் வரும். சரிவிலுள்ள லயத்திலிருந்து கம்பளியில் ஏந்திவர நான்கு தோள்கள் இன்றும் வேண்டியிருக்கின்றன.

வைத்தியசாலையிற் செய்யப்படும் பரிசோதனைகளுள் நம்மை வியக்கவைத்தது மிக எளியது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பின் ஒருமுறை சரித்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் ஆறுதல். ஓடினால், நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது. ஏற்பு ஊசியைக்கூட இரத்தம் உறையும் நிலைக்கு வந்த பின்னரே தசையிற் போடுவர். கொப்புளங்களை உடைப்பதில்லை. கருகிய தசையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கும் அதே காத்திருப்புத்தான். சீழ் வைத்தாலன்றிக் கிருமிகொல்லி மருந்து வேண்டுவதில்லை. சிறுநீரின் அளவை மட்டும் இரவும் பகலும் குறித்துக்கொள்கிறார்கள். ஏனெனில் காயம் ஆறத் தொடங்கியவர்களிலும் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபடுவதுண்டு.

வீடு திரும்பியவரை இரத்தப் பரிசோதனைக்கு மீண்டும் வருமாறு துண்டெழுதி அனுப்புகிறார்கள். போனால் ஒரு நாட்சம்பளம் போகும். பஸ் கட்டணம் வேறு. காயம் ஆறிவிட்ட பின் எதற்கென்று பலர் போவதில்லை. அடுத்த லயத்தில் அத்தகைய துண்டொன்று, தேதி கடந்து, சுவரிலிருந்த முருகன் படத்தின் பின்னே செருகப்பட்டிருக்கக் கண்டோம்.