பதினோரு மில்லிமீட்டர்

புதுப்பேட்டை ஆதித்தனார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. பழைய கியர்பாக்ஸ்களும் சைலன்சர்களும் அடுக்கிய கடைக்குப் பக்கத்தில் இரும்புப் படி. ஏறினால் ஒரு மேசை, இரண்டு முக்காலி, ஒரு டியூப்லைட். ரேடியோ கண்ட்ரோல் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை இவ்வளவுதான். நடத்துகிறவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பைக் மெக்கானிக்காகத் தொடங்கி, சீலிங் ஃபேன், மிக்ஸி மோட்டார் என்று கை மாறி, இப்போது இதில் நிலைத்திருக்கிறார். உதவிக்கு அவருடைய அக்கா மகள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறார். வகுப்பு இல்லாத நேரங்களில் மேசையின் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நான் போனபோது, அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக் ஒன்று மேசையில் மல்லாந்து கிடந்தது. கோவளம் கடற்கரையில் ஓட்டிவிட்டு, துடைக்காமல் பையில் போட்டு வைத்து, ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பட்டறைக்கார அண்ணன் மோட்டாரைத் தொடவில்லை, பேட்டரியைக் கேட்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாக இரண்டு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பிறகு மெல்லச் சுற்றினார். பார்வை சக்கரத்தில் இல்லை. கவனமெல்லாம் விரல் நுனியில்.

"ஆட்டம் இருந்தா பேரிங் தேஞ்சிருக்கு. ஆட்டம் இல்லாம நறநறன்னு இருந்தா உள்ள மண்ணு. சுத்தவே அடம் பிடிச்சா துரு. இதுல முன்வலது துரு, மத்த மூணும் மண்ணு சார்."

ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார். கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

வண்டி கொண்டுவருகிற பலரும் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்களாம். அந்தச் சோதனையை நம்பக் கூடாது. புதுப் பேரிங்கில் கிரீஸ் இருப்பதால் சீக்கிரம் நின்றுவிடும். கிரீஸ் வற்றிப்போன பழசு நெடுநேரம் சுற்றி ஏமாற்றும். குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால், மெதுவாகச் சுற்றும்போதுதான் விரலுக்குத் தெரியும்.

சக்கரத்தைக் கழற்ற 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் போதும். உள்ளே 12 மி.மீ. அறுகோண ஹெக்ஸ். அதை இழுத்தால், ஆக்சிலில் குறுக்கே செருகியிருக்கும் சின்ன பின் நழுவி விழும். மேசையில் வெள்ளைத் துண்டு விரித்திருப்பது அதற்காகத்தான். தரையில் உருண்டால் சந்துக் கடைகளில் எங்கும் கிடைக்காது. பின் பத்திரமானதும், பேரிங் உட்காரும் பிளாஸ்டிக் கூடான ஸ்டியரிங் நக்கிளின் திருகுகளைக் கழற்றி, ஆக்சிலை உருவினார். ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேரிங். நான்கு சக்கரத்துக்கு எட்டு.

மண் புகுந்தவை சிரமம் கொடுக்கவில்லை. நக்கிளின் மறுபக்க ஓட்டை வழியாக எல்-கீயை விட்டு, ஒரே இடத்தில் குத்தாமல், ஓரத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றித் தட்டினார். ஒரே பக்கம் தட்டினால் பேரிங் சாய்ந்து, பிளாஸ்டிக் துளையைக் கீறிவிடும். துருப்பிடித்தது வேறு கதை. அதன் உள்வளையம் ஆக்சிலோடு ஒட்டியிருந்தது. உருவும்போது பேரிங்கே பிரிந்து, குண்டுகள் துண்டில் சிதறின. வெளிவளையம் மட்டும் நக்கிளுக்குள் மாட்டிக்கொண்டது. அக்கா மகள் அதற்குள் ஹேர் டிரையரை எடுத்துவிட்டார். சூட்டில் நைலான் எஃகைவிடப் பல மடங்கு விரியும் என்று விளக்கியது அவர்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, சூடு காட்டினா விடும், அவ்வளவுதான்" என்றார் அண்ணன். இரண்டு நிமிடம் சூடு காட்டியபின், எல்-கீயின் குட்டைக் காலை வளையத்தின் அடியில் கொடுத்து நெம்ப, கழன்று வந்தது.

வெளியே வந்த பேரிங்கின் ஓரத்தில் எம்.ஆர். 115 (MR115) என்று பொறித்திருந்தது. எண்ணிலேயே அளவு இருக்கிறது: வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5. எம்.ஆர். 126 என்றால் 12, 6. சீலிங் ஃபேனில் இவர் மாற்றிப் பழகிய 6202-க்குக் கணக்கு வேறு. கடைசி இரண்டு எண்கள்தான் துளையைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்க வேண்டும். எண்ணோடு இசட்இசட் என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். மண்ணில் ஓடும் வண்டிக்கு ரப்பர் சீல் போட்டதைத்தான் அண்ணன் வாங்குகிறார். பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும், "பொம்மைக் காருக்கு" என்று சொன்னால் இல்லை என்று விடுவார்கள் என்கிறார்.

இனி பொருத்துவது. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கழற்றும்போது எங்கே தட்டினாலும், தூக்கிப் போடப்போகிற பேரிங் என்றால் விட்டுவிடலாம். புதுசை ஏற்றும்போது விசை எந்த வளையத்தில் விழுகிறது என்பதுதான் எல்லாம். நக்கிளுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டியது வெளிவளையம். அப்படியிருக்க உள்வளையத்தை அழுத்தினால், அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு குண்டும் ஓடுதடத்தில் ஒரு நுண்ணிய குழியைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பேரிங் சுற்றும், வண்டி ஓடும், கடைக்காரர் கூலி வாங்கிவிடுவார். சில வாரங்களில் அதே நறநற. பேரிங் மட்டம் என்று வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்டுவார். ஆக்சிலில் இறுக்கமாக ஏற்ற வேண்டிய இடத்தில் இது தலைகீழ்: உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ, அதைத் தொடு, மற்றதைத் தொடாதே. லாரிச் சக்கரத்துக்கும் இதே விதிதான்.

இதற்காகவே அண்ணன் லேத்தில் கடைந்து வாங்கிய பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்று வைத்திருக்கிறார். வெளிவிட்டம் 11 மி.மீ.க்கு மயிரிழை குறைவு. வெளிவளையத்தின் மேல் மட்டும் அமரும். அதை வைத்து, சுத்தியலைத் தொடாமல், கட்டைவிரலால் அழுத்தினார். மெல்லிய 'டிக்'. உட்கார்ந்துவிட்டது. உடனே இன்னொரு விரலால் உள்வளையத்தைச் சுற்றிப் பார்த்தார். எட்டுக்கும் இதேபோல. அவசரமே இல்லாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அக்கா மகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எனக்கும் தாளில் போட்டுக் காட்டினார். இந்த டிரக்கின் டயர் விட்டம் ஏறத்தாழ 11 செ.மீ. 50 கி.மீ. வேகத்தில் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,400 முறை சுற்றும். 60 செ.மீ. விட்டமுள்ள டயரோடு ஒரு நிஜக் கார் 100 கி.மீ. வேகத்தில் போனாலும் 900 சுற்றைத் தொடாது. வீட்டு ஃபேன் முழு வேகத்தில் 400 பக்கம். "இப்ப சொல்லுங்க சார், எது பொம்மை?" என்றார். பேரிங் இறுகினால் உள்வளையம் நின்றுவிடும், அதற்குள் ஆக்சில் உராய்ந்து சுற்றும், ஆக்சில் தேயும், சூட்டில் நக்கிளின் துளை இளகி விரியும். எட்டு மலிவான பேரிங்கில் முடிய வேண்டிய செலவு எங்கோ போய் நிற்கும்.

டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரை ரேடியோ கண்ட்ரோலில் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியது. தொடக்கநிலைக்கான கிட்டுகள் பலவற்றில் இன்றும் பேரிங் இருக்காது, பிளாஸ்டிக் புஷ்தான். அப்படி ஒரு வண்டி வந்தால், கேட்காமலேயே பேரிங் போடச் சொல்வது அண்ணனின் வழக்கம். மோட்டாருக்குச் சுமை குறையும், சக்கர ஆட்டமும் குறையும். அதிவேக மோட்டாரை முதலில் வாங்கிவிட்டுப் பேரிங்கைப் பிறகு நினைப்பது தவறான வரிசை என்பதில் நானும் அவரோடு உடன்படுகிறேன்.

மண் புகுந்தவற்றில் சில பிழைத்தன. பிளேடு நுனியால் ரப்பர் சீலை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிரீஸ் வைத்து மூடினார் அந்தப் பெண். தார்ச் சாலையில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குக் கிரீஸுக்குப் பதில் சில துளி மெல்லிய எண்ணெய்; வேகம் கிடைக்கும், ஆனால் அடிக்கடி விட வேண்டும். கம்பிரசர் காற்றடித்து உலர்த்தும்போது பேரிங்கைச் சுழலவிடக் கூடாது, எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் அங்கேயே கெட்டுவிடும் என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது.

கூலி கேட்கும்போதுதான் வருத்தம். "பேரிங்கே இவ்வளவுதானே, மாத்துறதுக்கு அதைவிடக் கூடவா?" என்று பேரம் பேசுகிறார்களாம். நான் இருந்தபோதே ஒருவர் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை; அக்கா மகள் "மாமா, அந்தப் பித்தளைக் குழாயை அவர்ட்ட காட்டுங்க" என்றார். விலை பேரிங்குக்கு மட்டும் இல்லை. எந்த வளையத்தைத் தொடக் கூடாது என்று தெரிந்த கைக்கும் சேர்த்துத்தான். பொறியியல் கல்லூரி விழாக்களில் ரிமோட் கார்ப் பந்தயம் நடத்துகிறவர்கள், இப்படிப்பட்டவர்களை அழைத்து மாணவர்கள் முன்னால் ஒரு நக்கிளைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். சம்பளம் கொடுத்து அழைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், கடற்கரையிலோ ஈரத்திலோ ஓட்டிய அன்றே நான்கு சக்கரத்தையும் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.