டிக்கிக்குள்ள ஒரு குட்டிக் குளம்!

புதுப்பேட்டைன்னு சொன்னதும் தனுஷ் ஞாபகத்துக்கு வர்றாரா? அப்போ நீங்க 2006-ல வந்த படத்தோட ரசிகர். சென்னையில கார் வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க... அவங்களுக்கு ஞாபகம் வர்றது கார் கதவு, கார் மூக்கு, கார் முதுகுதான்!

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். ஒரு பக்கம் ஆதித்தனார் சாலை, இன்னொரு பக்கம் கூவம். நடுவுல இருக்கிற சந்துகள்லதான் அந்த அதிசய உலகம். ஒரு கடை முழுக்க பம்பர். பக்கத்துக் கடையில கூரை வரைக்கும் அடுக்கின ஹெட்லைட். அடுத்த கடை வாசல்ல உடம்பே இல்லாம கதவுகள் மட்டும் வரிசையா சாஞ்சு நிக்கும். சுத்தியல் சத்தம், கிரீஸ் வாசனை, டீ கிளாஸோட ஓடுற பையன், குட்டி யானையில வந்து இறங்குற பழைய இன்ஜின்... நாலு வருஷம் கிளாஸ்ல உட்கார்ந்து படிக்கிற ஆட்டோமொபைல் பாடம் மொத்தமும் இங்கே தெருவுல பார்ட் பார்ட்டா கிடக்கு பாஸ்!

நாங்க போனது வேடிக்கை பார்க்க இல்லை. ஒரு கேஸ் விசாரிக்க. குற்றவாளி... தண்ணி!

என் கிளாஸ்மேட்டோட அப்பா சொந்தமா ஒரு செடான் கார் வச்சு டாக்ஸி ஓட்டுறார். வீட்டு வாடகை, இவனோட செமஸ்டர் ஃபீஸ், தங்கச்சி ஸ்கூல் எல்லாமே அந்தக் காரோட நாலு சக்கரத்துலதான் ஓடுது. ஐப்பசி மழையில ஏர்போர்ட் சவாரி ஒண்ணு. இறக்கும்போது பார்த்தா, கஸ்டமரோட சூட்கேஸ் அடிப்பக்கம் தொப்பல். உள்ளே கல்யாணப் பட்டுப்புடவை! மாசம் நாலஞ்சு சவாரி கொடுத்துட்டிருந்த குடும்பம், அதோட போன் பண்றதையே நிறுத்திடுச்சு.

அங்கிள் உடனே ஒரு கடையில காட்டினார். ‘டிக்கி ரப்பர் போச்சு’ன்னு மாத்திக் கொடுத்தாங்க. பில் 2,800 ரூபாய். அடுத்த மழை வந்தது... குளமும் வந்தது! இன்னொரு தடவை அப்படிச் செலவு பண்ண அவரால முடியாது. அதான் புதுப்பேட்டை.

‘ஈரம் இருக்கிற இடத்தைப் பார்க்காதே!’

சந்துக்குள்ள ஒரு சின்ன ஷெட். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் ரப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. “எவ்ளோ நாளா தண்ணி நிக்குது? நிக்கிற மழையிலயா, ஓடுற மழையிலயா? வாட்டர் வாஷ் பண்ணா வருதா? வண்டி எங்கனா அடிபட்டிருக்கா?” என்று டாக்டர் மாதிரி கேள்வி மேல் கேள்வி.

அப்புறம் எங்களைப் பார்த்து ஒண்ணு சொன்னார். “தம்பி, தண்ணி நிக்கிற இடம் வேற, நுழையற இடம் வேற. ஈரம் இருக்கிற இடத்தையே பார்த்துக்கினு இருந்தா ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.”

இதைத்தான் எங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக் பக்கம் பக்கமா சொல்லுது. தண்ணி தகட்டை ஒட்டிக்கிட்டே ஓடும். இடுக்கு கிடைச்சா நுண்துளை ஏற்றத்தால கொஞ்சம் மேலேகூட ஏறும். ஒயர் இருந்தா ஒயர் வழியா நடக்கும். கடைசியில எல்லாம் போய்ச் சேர்றது டிக்கியிலேயே பள்ளமான இடம். அதாவது ஸ்டெப்னி வைக்கிற குழி. வண்டி பிரேக் போட்டா அங்கிருந்து அலையடிச்சு முன்னால வரும். அதனால பின் சீட்டுக்கு அடியில ஈரம் இருந்தாலும் வழி டிக்கியில இருக்கலாம்!

முதல் வேலை, டிக்கியைக் காலி பண்றது. மேட், அடியில இருக்கிற அட்டை, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே. குழியில ரெண்டு டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணி. ஜாக்கியில துரு. பல கார்கள்ல இந்தக் குழியோட அடியில ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழட்டினா தண்ணி இறங்கிடும். “இது குளத்தை எறைக்கிறது தம்பி, அடைக்கிறது இல்ல” என்றார் அண்ணன். அதைத் திறந்தே விட்டா ரோட்டுத் தண்ணியும் புழுதியும் கீழே இருந்து ஏறும் என்பது கூடுதல் எச்சரிக்கை.

சந்தேக லிஸ்ட்

அண்ணன் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நீங்களும் நோட் பண்ணிக்கங்க.

டிக்கியைச் சுத்தி இருக்கிற ரப்பர். எல்லாரும் முதல்ல கையைக் காட்டுறது இதைத்தான். டெயில் லேம்ப்புக்குப் பின்னால இருக்கிற ஸ்பாஞ்ச் கேஸ்கட். வயசானா அப்பளம் மாதிரி நொறுங்கும். பின் கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை. கூரையில ஆன்டெனா அடிப்பாகம். ஸ்பாய்லர் மாட்டியிருந்தா அதோட போல்ட் ஓட்டைகள். டிக்கி மூடிக்குப் போற ஒயரிங் நுழையற ரப்பர் குழாய். பம்பருக்குப் பின்னால மறைஞ்சிருக்கிற காற்றுப் போக்கி.

கடைசியா சொன்னது எனக்குப் புதுசு. நாம கார் கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கிற காற்று எங்கே போகும்? பம்பருக்குப் பின்னால ரெண்டு சின்ன ஜன்னல், அதுல மெலிசான ரப்பர் இமைகள். காற்று வெளியே போகும்போது திறக்கும், அப்புறம் தானே மூடிக்கும். அந்தச் சட்டத்தைச் சுத்தி இருக்கிற ரப்பர் போனா, பின் டயர் வாரியிறைக்கிற தண்ணி நேரா டிக்கிக்குள்ள வந்திரும். ‘ஓடுற மழையா, நிக்கிற மழையா’ன்னு அவர் கேட்டதோட ரகசியம் இதுதான்!

ஹேட்ச்பேக் வச்சிருக்கிற மக்களே, உங்களுக்கு எக்ஸ்ட்ரா சந்தேகம் ஒண்ணு இருக்கு. பின் வைப்பருக்குத் தண்ணி கொண்டுபோற ட்யூப். அது உள்ளே கழண்டிருந்தா, மழையே இல்லாத நாள்லயும் நீங்க பட்டனை அமுக்க அமுக்க டிக்கி நனையும். சன்ரூஃப் இருக்கிற கார்னா, தண்ணி வடிய வச்சிருக்கிற பின்பக்க ட்யூப் அடைச்சிருக்கான்னு பாருங்க.

பவுடர் போட்டு ஒரு விசாரணை

அண்ணன் பெரிய மெஷின் எதையும் எடுக்கலை. எடுத்தது ஒரு பழைய பில் பேப்பர்! ரப்பருக்கும் மூடிக்கும் நடுவுல பேப்பரை வச்சு டிக்கியை மூடினார். மெதுவா இழுத்தார். இறுக்கமா வந்தா ரப்பர் நல்லா உட்காருது. சும்மா உருவிக்கிட்டு வந்தா அங்கே இடைவெளி. இப்படியே சுத்தி வந்தார். எல்லா இடத்துலயும் டைட்! 2,800 ரூபாய்ல மாத்தின ரப்பர் நிரபராதி. பழைய ரப்பரும் ஒருவேளை நிரபராதியா இருந்திருக்கும். அங்கிள் முகத்தைப் பார்க்க முடியலை.

அடுத்தது துணியால துடைச்சுக் காயவச்சிட்டு, உள்பக்கத் தகடு முழுக்க முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவினார். தண்ணி எந்த வழியா வந்தாலும் பவுடர்ல கோடு விழும். தடயவியல் துறை தோத்துடும் போங்க!

அப்புறம் பின் சீட்டை மடிச்சு, என் ஃப்ரெண்டை டார்ச்சோட உள்ளே அனுப்பினோம். இங்கே ஒரு முக்கியமான விஷயம். சீட் மடங்காத காரா இருந்தா, யாரையும் உள்ளே வச்சு டிக்கியை மூடவே கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அந்த மாதிரி கார்ல பவுடர் கோட்டை நம்பினாலே போதும். வேணும்னா வீடியோவை ஆன் பண்ணி, டார்ச்சோட மொபைலை உள்ளே வைங்க.

தண்ணி அடிக்கிறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. வாட்டர் வாஷ் மாதிரி பிரஷர்ல அடிக்கக் கூடாது. மழையில நுழையாத இடத்துலயும் அது நுழைஞ்சு நம்மளைக் குழப்பும். ஹோஸ்ல மெதுவா விடணும். முக்கியமா, கீழேயிருந்து மேலே போகணும். மேலேயிருந்து ஆரம்பிச்சா தண்ணி வழிஞ்சு எல்லா இடத்தையும் நனைச்சிடும். எது குற்றவாளின்னு எப்படித் தெரியும்?

முதல்ல பம்பர் பக்கம், அஞ்சு நிமிஷம். உள்ளேயிருந்து குரல்: “ஒண்ணும் இல்லண்ணே!” டெயில் லேம்ப், அஞ்சு நிமிஷம். “இல்லண்ணே!” டிக்கி மூடி விளிம்பு. “இல்லண்ணே!” பின் கண்ணாடி. “இல்லண்ணே... வேர்க்குதுண்ணே!” எனக்குப் பொறுமை போயிடுச்சு. அண்ணன் மட்டும் அசரலை. டீ சொன்னார்.

கடைசியா கூரை ஓரம். கூரையோட ரெண்டு பக்கமும் நீளமா ஒரு ரப்பர் பீடிங் ஓடுமே, அதுக்கு மேல தண்ணி விட்டார். ஒரு நிமிஷம்... ரெண்டு... மூணு... “அண்ணே! வருதுண்ணே! சைடுல இருந்து கோடு இறங்குது!”

பீடிங்கை நெம்பிக் கழட்டினதும் குட்டு வெளிப்பட்டது. கூரைத் தகடும் பக்கத் தகடும் ஸ்பாட் வெல்டிங்ல சேர்ற இடம் அது. அந்த இணைப்புக்கு மேல போடுற சீலர் வெயில்ல காய்ஞ்சு, முடி அளவுக்கு விரிசல். தண்ணி அதுல இறங்கி, பின் தூணுக்குள்ளேயே ஓடி, சக்கர வளைவு மேல ஏறி இறங்கி, குழிக்குள்ள விழுது. நுழையற இடத்துக்கும் தேங்குற இடத்துக்கும் நடுவுல ஒரு ஆள் உயரம்! டிக்கி ரப்பரை நூறு தடவை மாத்தினாலும் இது நின்னிருக்காது.

வினிகர் வாசனை வந்தா உஷார்

கண்டுபிடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. சரிபண்ற வேலை ரொம்ப சிம்பிள். பழைய சீலரைச் சுரண்டி, துருவைத் தேய்ச்சு எடுத்து, நல்லா காயவச்சு, பிரைமர் அடிச்சு, பாலியூரிதேன் பாடி சீலர் போட்டு விரலால நீவி விட்டார். சீலர் இறுகினதும் மேல பெயின்ட், பீடிங்.

‘ஹார்டுவேர் கடையில விக்கிற சிலிகான் ட்யூப் போதாதா?’ன்னு கேட்டேன். கெமிஸ்ட்ரி லேபுக்குப் போகாத அண்ணன் சரியா பதில் சொன்னார். “காடி வாசனை வருதே, அதைத் தகட்டுல போட்டா துரு புடிக்கும் தம்பி.” நூறு சதவிகிதம் உண்மை. பாத்ரூம் வேலைக்கு விக்கிற பல சிலிகான்கள் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை விடும். வினிகர் வாசனை அதோடதுதான். அது இரும்புக்கு எதிரி.

இதே மாதிரி இன்னொண்ணு. டிக்கி ரப்பர் காய்ஞ்சிருக்குன்னு இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவாதீங்க. அது பெரும்பாலும் ஈபிடிஎம் வகை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டா உப்பிப் போய் உருக்குலைஞ்சிடும். சிலிகான் ஸ்ப்ரே போதும். டெயில் லேம்ப் கேஸ்கட் மாத்தினா, பழைய ஸ்பாஞ்சை முழுசா எடுத்துட்டுப் புதுசு போடுங்க. நட்டை ஒரேயடியா முறுக்கினா லேம்ப்போட பிளாஸ்டிக் விரிஞ்சு, புது ஓட்டை இலவசம்!

வேலை முடிஞ்சதும் அண்ணன் திரும்பவும் அதே இடத்துல தண்ணி விட்டார். இந்தத் தடவை இருபது நிமிஷம். உள்ளே பவுடர் பவுடராவே இருந்தது. அங்கிள் குழிக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெளியே எடுத்த கையில ஈரம் இல்லை, வெள்ளைப் பவுடர் மட்டும்தான். எதுவும் பேசாம அந்தக் கையாலேயே அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டார். பழைய ரப்பருக்குக் கொடுத்ததுல கால்வாசிகூட செலவாகலை.

இது டாக்ஸிக்காரர் பிரச்னை மட்டுமில்லை. நாளைக்கு நீங்க முதல் சம்பளத்துல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்கன்னு வைங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. முங்கின கார்கள் எவ்வளவோ பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கு. பாட்டு சிஸ்டத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டிக்கி மேட்டைத் தூக்குங்க. ஸ்டெப்னியை வெளியே எடுங்க. குழியில துரு, சேறு படிஞ்ச கோடு, புழுங்கின வாசனை, ஒரு பக்கம் மட்டும் புதுசா பெயின்ட்... இதுல எது இருந்தாலும் கேள்வி கேளுங்க. பின்னால அடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டின்னா, தகடு சேர்ற இடத்துல சீலர் சீரா இருக்கான்னு விரல் வச்சுப் பாருங்க. ஒயரிங் கனெக்டர்கள்ல பச்சை பூத்திருந்தா... டாட்டா காட்டிட்டு நடையைக் கட்டுங்க!

ஏற்கெனவே உங்க வீட்டுக் கார்ல குளம் இருந்தா, மேட்டை வெயில்ல காயவச்சிட்டு, ஒரு லீவு நாள்ல பவுடர் டப்பாவும் ஒரு ஃப்ரெண்டும் ஒரு ஹோஸும் வச்சு நீங்களே விசாரணையை ஆரம்பிக்கலாம். கீழேயிருந்து மேலே, ஒரு இடத்துக்கு அஞ்சு நிமிஷம், அவசரமே இல்லாம. வழி தெரியுற வரைக்கும் எந்தப் பார்ட்டுக்கும் காசு கொடுக்காதீங்க.

அப்படியும் பிடிபடலையா? எழும்பூர்ல இறங்குங்க. சுத்தியல் சத்தம் கேட்கிற பக்கமா நடங்க. ரப்பரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி உங்களைக் கேள்வி கேட்கிற ஆள் எந்த ஷெட்ல இருக்காரோ, அங்கே வண்டியை நிறுத்துங்க!